பிண்ணாக்கு ஸ்வாமி

சின்ன காஞ்சிபுரத்தில் இறங்கி அழகியமணவாளன் வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரர் யோசிப்பார். பிண்ணாக்கு ஸ்வாமி வீடு என்று கேட்டால் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். பேர் வைத்தது தெருதான். ஆனால் தெருவைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. வரதராஜப் பெருமாள் சன்னதியில் கோஷ்டியோடு நின்று பிரபந்தம் சேவிக்க வேண்டிய வம்சத்துப் பிள்ளை, நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களை எல்லாம் பிடித்து நிறுத்திப் பிண்ணாக்கின் பெருமையைச் சொன்னால் தெரு வேறென்ன பேர் வைக்கும்?

மனுஷன் மோசமில்லை. பின்னால் அவர் செய்த காரியத்தைக் கேட்டு நாலு திட்டுத் திட்டத் தோன்றும். தாராளமாகத் திட்டலாம். ஆனால் அந்தக் காரியத்தைக்கூட அவர் நல்ல மனசோடுதான் செய்தார். உலகத்தில் பாதி நாசம் நல்ல மனசுக்காரர்களால் வருவது. மிச்சப் பாதிதான் கெட்டவர்களால்.

ரசாயனம் படித்துவிட்டு மெட்ராஸில் ஒரு தீவனக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர் மணவாளன். கோழித் தீவனத்துக்கு என்று வடக்கே இருந்து லாரி லாரியாகச் சோயாப் பிண்ணாக்கு வரும். எண்ணெய் எடுத்த பிறகும் அந்தச் சக்கையில் மிஞ்சியிருக்கிற புரதச் சத்தைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. முதல் தடவை சோதித்தபோது கணக்கில் தப்பு என்று நினைத்தார். மறுபடியும் செய்தார். தப்பில்லை. பருப்பில் இருப்பதைப் போல இரண்டு பங்கு சத்து அந்தச் சக்கையில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்த மூட்டைகளை முதுகில் சுமந்து இறக்கிக்கொண்டிருந்தவர்களின் கால்களைப் பார்த்தார். குச்சி குச்சியாக இருந்தன. அவர்கள் கொண்டுவந்திருந்த தூக்குகளில் சோறும் ஊறுகாயும்தான் இருந்தன. மூட்டையில் பாதி இங்கே கோழிக்கு, மீதி கப்பலேறி வெளிநாட்டுக் கோழிக்கு. அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்தப் பைத்தியம்.

"நம்ம நாட்டுலயே வெளையற செடி ஸ்வாமி!" என்பார், கேட்பவர் வேட்டி நுனியைப் பிடிக்காத குறையாக. "வெதைக்கறவனுக்கு ஒரு பயிர். மண்ணுக்கு அதோட வேரே உரம். பிழிஞ்சா எண்ணெய். சக்கையை மாவாக்கி உருண்டையாப் பண்ணினா ஊர்ல இருக்கற பொம்மனாட்டிகளுக்கு வேலை. தின்னா கொழந்தைக்குச் சதை பிடிக்கும். ஒவ்வொரு ஜில்லாவுலயும் இப்படி ஒரு பட்டறை இருந்துட்டா இந்த தேசத்துல எவன் பட்டினி கெடப்பான்? நாம என்ன பண்றோம்? கோழிக்குப் போட்டு, அது பாதியை எச்சமாக் கழிச்சு, மீதியைத் தான் வெச்சுண்டு, அப்புறம் அதை வெட்டி..." இந்த இடத்தில் கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வார். சன்னதி வாசலில் நின்று பேசுகிற பேச்சா இது?

தொண்ணூறுகளின் நடுவில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். மாமனார் பெண்ணுக்கு என்று எழுதிவைத்த நிலம் போயிற்று. அது போதாமல் வங்கியும் கை கொடுத்தது. முசரவாக்கம் போகிற வழியில் ஒரு கொட்டகை எழும்பியது. உள்ளே எண்ணெய் பிழிய ஒரு இயந்திரம். சக்கை மாவைச் சூட்டில் அழுத்தி உருண்டையாகத் துப்ப இன்னொன்று. ஊரில் மீல் மேக்கர் என்கிறார்களே, அதே சரக்குதான். மனைவி அம்ருதவல்லி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. கொட்டகைக்குப் பூஜை போட்ட அன்று மட்டும், "ஏன்னா, இதைச் சமைச்சுப் பெருமாளுக்கு அமுது பண்ணலாமோ?" என்று கேட்டாள்.

"பயறுதானேடீ."

"பயறுதான். பாத்தா அப்படித் தெரியலையே."

அவளுடைய சந்தேகத்தை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் யோசனையெல்லாம் பயறு எங்கிருந்து வரும் என்பதில் இருந்தது. வடக்கே இருந்து பிண்ணாக்கை வாங்கினால் சுலபம். ஆனால் இந்த மண்ணில் விளைந்து, இங்கேயே பிழிந்து, இங்கேயே மனிதர்கள் தின்ன வேண்டும் என்பது அவர் பிடிவாதம். முசரவாக்கத்தில் வேர்க்கடலை போடுகிற அர்ஜுனனைப் பிடித்தார். சோயாவை முன்னே பின்னே பார்த்திராதவன் அர்ஜுனன். அரைமனதாகக் கையில் விதையை வாங்கி உருட்டிப் பார்த்தான்.

"வெளைஞ்சா யாரு சாமி வாங்குவாங்க? கடலைன்னா செட்டியாரு வாங்குவாரு. விக்கலன்னா நாங்களே வறுத்துத் தின்னுட்டுப் போவோம். இத தின்னவும் முடியாது போல இருக்குதே."

"ஒரு மணி வீணாப் போகாது அர்ஜுனா. எல்லாத்தையும் நான் எடுத்துக்கறேன். என் வரதன் சாட்சி."

பெருமாள் பேரை அவர் அப்படிச் சட்டென்று இழுக்கிற ஆள் இல்லை. அர்ஜுனனுக்கும் அது தெரியும். தையில் விதைத்தான். அவன் மனைவி பொன்னியம்மாள், தெருவில் இன்னும் நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு கொட்டகை வேலைக்கு வந்தாள். நிலத்தில் விளைந்தது அவள் புருஷனுடையது, உருண்டையைக் காயவைத்துப் பொட்டலம் கட்டுவது அவள் கை. அந்த வீட்டுக்குள் அடுப்பு எரிவது முழுக்க முழுக்க மணவாளன் வார்த்தையை நம்பி என்று ஆயிற்று.

ஆனியில் சரக்கு வெளியே வந்தது. 'வரதா சோயா' என்று பேர். பொட்டலத்தின் மேல் கோபுரப் படம். கீழே, 'நம் நாட்டு மண்ணில் விளைந்தது, நம் நாட்டு மனிதருக்கு.' பின்பக்கம் சமைக்கும் முறை. அதை அச்சுக்குக் கொடுத்தது அம்ருதவல்லி சொல்லச் சொல்ல: சோயா கரமது என்கிற பொரியல், சோயாப் பொரித்த கூட்டு, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டது. வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, மசாலா என்ற பேச்சே கிடையாது. அந்த வீட்டில் சமைக்கிற முறை அதுதான். இன்னொரு முறை இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அந்த உருண்டைக்கென்று ஒரு ருசி கிடையாது. அதில் என்ன போடுகிறோமோ அதைத்தான் உறிஞ்சிக்கொள்ளும். கூட்டில் போட்டால் வெந்த துணியைக் கடிப்பதைப் போல இருக்கும். மணவாளன் அதையே தினமும் இரண்டு வேளை தின்று, "தேவாமிர்தம்" என்றார். பைத்தியக்காரனுக்குத் தன் பைத்தியம் எப்போதும் இனிக்கும்.

வந்தது புரட்டாசி. இதுதான் அவரைத் திட்ட வேண்டிய இடம்.

சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெருமாளைக் கும்பிடுகிற குடும்பங்கள் அந்த மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. சனிக்கிழமைகளில் சொம்புக்கு நாமம் போட்டு, கோவிந்தா என்று வீடு வீடாக அரிசி வாங்கிப் பொங்கித் தளிகை போடுவார்கள். கறிக்கடைகள் ஈயோட்டும். மணவாளன் யோசித்தார். 'பாவம், இவாளெல்லாம் என் பெருமாளுக்காகக் கறியை விட்டுட்டு இருக்கா. இந்த நேரத்துல கறியாட்டமா நார் நாரா இருக்கற ஒண்ணை இவா முன்னாடி நீட்டலாமோ? விரதத்துல இருக்கறவனுக்கு ஆசை காட்டறதாட்டமா ஆகாதோ?' அபசாரம் என்று முடிவு செய்தார். மாதப் பிறப்பன்று கொட்டகைக்குப் பெரிய பூட்டாகப் போட்டுப் பூட்டினார். கடைகளுக்கும் சரக்குப் போடவில்லை. பொன்னியம்மாளிடம், "இது பெருமாள் மாசம். ஐப்பசிக்கு வாங்கோ" என்று மட்டும் சொன்னார். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஐப்பசியில் திறந்தார். யாரும் வாங்கவில்லை. ஒரு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள் ஐப்பசி பிறந்ததும் சோயாவுக்கா வரிசையில் நிற்பார்கள்?

அடுத்த வைகாசியில் கருட சேவை வந்தது. ஊரே கடலாகத் திரண்டிருந்தது. கங்கைகொண்டான் மண்டபத்துக்குச் சற்று முன்னால் பந்தல் போட்டு, அண்டா நிறையச் சோயாக் கூட்டு வைத்து, தொன்னையில் இலவசமாகக் கொடுத்தார். அவர் தெருக்காரர் ஒருவர் வாங்கி, விரலால் பிய்த்துப் பார்த்து, "ராம ராமா, இது என்ன ஓய், மாமிசமாட்டமா இருக்கு!" என்று தொன்னையைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவத் தண்ணீர் தேடினார். பின்னாலேயே வந்த கிராமத்துப் பெரியவர் வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். "இன்னா சாமி, சப்புன்னு இருக்குது. கறிகாயும் இல்ல, கறியும் இல்ல" என்று சொல்லிவிட்டு மோர்ப் பந்தலுக்குப் போனார். கறி தின்னாதவனுக்கு அது கறி, கறி தின்கிறவனுக்கு அது ஒன்றுமே இல்லை. அண்டாவில் மிஞ்சியதைக் கோசாலைக்குக் கொண்டுபோனார்கள். மாடுகள் ஆசை ஆசையாகத் தின்றன. அதைப் பார்த்த பிறகு தெரு வைத்த பேர் அவருக்கு நிலைத்தே போயிற்று.

அதற்குள் அர்ஜுனன் இரண்டாவது போகமும் எடுத்துவிட்டான். மணவாளன் சொன்ன சொல் மாறாமல் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். பிழிந்தார், உருட்டினார், கொட்டகையில் கூரை முட்ட அடுக்கினார். பெரிய காஞ்சிபுரத்துக் கடைகள் பொட்டலங்களைத் திருப்பி அனுப்பின. வங்கியிலிருந்து வந்தவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தீபாவளி வரைதான் பார்ப்போம், அப்புறம் இயந்திரத்தைக் கழற்றிவிடுவோம் என்றார். கொடுமையான ஆள் இல்லை. போகும்போது சங்கடத்தோடுதான் போனார்.

மணவாளன் தூக்கத்தை மறந்தார். காலையில் கோயிலுக்குப் போய் உள்ளே மலைமேல் சன்னதியில் பெருமாள் முன்னால் நின்றால் பாசுரம் வாயில் வராது. 'நீ சாட்சின்னு சொல்லிட்டேனே, நீ சாட்சின்னு சொல்லிட்டேனே' என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. இயந்திரம் போனால் தான் வேறு எங்காவது பிழைத்துக்கொள்ளலாம். அர்ஜுனன் கடலைக்குத் திரும்பலாம்தான். ஆனால் அடுத்த போகத்துக்கு அவன் சோயா விதையைத்தான் எடுத்து வைத்திருந்தான். பொன்னியம்மாள் எங்கே போவாள்? கொட்டகைக்கு வந்த பிறகுதான் அவள் கையில் தனக்கென்று கொஞ்சம் காசு புழங்கியது. எல்லாவற்றையும் விட, அந்தப் பெரிய கனவு, ஜில்லாவுக்கு ஒரு பட்டறை, குச்சிக் கால்கள் இல்லாத தேசம், அது இந்த ஒரு கொட்டகையிலேயே செத்துப்போகும். ஒரு ஊரில் முடியாததைத் தேசத்தில் எவன் நம்புவான்?

இப்படி இருக்கும்போது இரண்டாவது புரட்டாசி வந்தது. வேறு யாராவதாக இருந்தால் கழுத்துக்கு மேல் தண்ணீர் போன பிறகு விரதமாவது ஒன்றாவது என்று திறந்து வைத்திருப்பார்கள். மணவாளன் பூட்டினார். பெருமாளுக்குச் செய்கிற அபசாரத்தால் மிச்சமிருக்கிற கருணையும் போய்விடக்கூடாதே என்று பயம்.

மாதக் கடைசியில் வானம் கறுக்க ஆரம்பித்தது. கொட்டகைக் கூரை ஓட்டை. மழை இறங்கினால் அடுக்கிய சரக்கு அத்தனையும் ஊறிப்போகும். பெண்களுக்குத் தீபாவளிக்கு முன்னால் ஏதாவது கொடுத்தாக வேண்டும். முசரவாக்கத்துக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற முனிரத்தினம் வந்து, அடிமாட்டு விலைக்கு மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றான். எந்தக் கோழியிடமிருந்து இந்தச் சத்தைப் பிடுங்கி மனிதனுக்குக் கொடுக்க வேண்டும் என்று வாழ்க்கையையே வைத்தாரோ, அந்தக் கோழிக்கே. மணவாளன் திண்டாடினார். மனிதனுக்குத்தானே விரதம், கோழிக்கு ஏது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். கடைசி சனிக்கிழமை காலை வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. வெறும் கொட்டகையில் நின்று குரல்விட்டு அழுதார்.

மறுநாள் ஞாயிறு. அர்ஜுனனிடம் நேரில் சொல்லிவிட வேண்டும், இனி சோயா போடாதே, என்னை மன்னித்துவிடு என்று கையைப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும். மத்தியானம் டிவிஎஸ் ஃபிஃப்டியில் கிளம்பினார்.

முசரவாக்கம் தெருவில் திரும்பியதும் மூக்கில் அடித்தது. பட்டை, கிராம்பு, சோம்பு, வதங்குகிற இஞ்சி பூண்டு. அந்த வாசனை அவருக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் மிலிட்டரி ஓட்டலைத் தாண்டும்போதெல்லாம் மேல்வேட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த வாசனை. ஒரு வீட்டிலிருந்து இல்லை, வீட்டுக்கு வீடு வந்தது. புரட்டாசியில் கறியா! இவர்கள் விரதம் கெடக்கூடாது என்றுதானே தன் பிழைப்பையே பூட்டினார்!

அர்ஜுனன் வாசலில் நின்றிருந்தான். முதல் நாள் போட்ட நாமம் நெற்றியில் அழியாமல் இருந்தது. "வாங்க சாமி! இன்னா இந்த வெயில்ல? குந்துங்க" என்றான்.

"குந்தறதா? நன்னா இருக்குடா! நெத்தியில நாமம், அடுப்புல மாமிசமா? ஒரு மாசம் பொறுக்க முடியாதா உங்களுக்கு? இதுக்காகவா நான்..." அர்ஜுனன் வெலவெலத்துப்போனான். சத்தம் கேட்டுப் பொன்னியம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"கறியா! பெருமாளே! மாசம் பொறந்ததுலேர்ந்து முட்டை கூட தொடல சாமி. வந்து பாருங்க." உள்ளே போய்ச் சட்டியைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். சிவக்கச் சிவக்கக் குழம்பு. அதில் மிதந்தது சோயா உருண்டை.

மணவாளன் குனிந்து சட்டிக்குள் பார்த்தார்.

"எல்லா ஊட்லயும் இதான் சாமி" என்றாள் பொன்னியம்மாள். "சனிக்கிழமை எப்படியோ தள்ளிடலாம். ஞாயித்துக்கிழமை வந்தா ஆம்பளைங்களுக்கு நாக்கு கேக்குது இல்ல? கறி கொழம்பு மாதிரியே மசாலா செலவு அரைச்சு இத போட்டுடுவோம். போன வருசத்துலேர்ந்து இதே வேலைதான். கடையில கெடைக்க மாட்டேங்குது. போன வாரம் தீந்துடுச்சின்னு இவரு வாலாஜாபாத் வரைக்கும் போயி வாங்கியாந்தாரு. யாரோ வடநாட்டுக் கம்பெனியாம்."

"நம்ம சோயா... நம்ம கொட்டாய்ல அவ்வளவு இருந்துதேம்மா."

"நீங்கதான் பூட்டிட்டீங்களே சாமி."

"ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க விரதத்துக்குதான் பூட்டி இருக்குதுன்னு நெனச்சோம் சாமி. விரதத்த உட்டுட்டு கதவத் தொறங்கன்னு நான் எப்படி சாமி சொல்றது? பாவம் இல்ல?"

அவர்களுடைய விரதத்துக்காக இவர் கதவைப் பூட்டினார். இவருடைய விரதத்துக்காக அவர்கள் வாயைப் பூட்டிக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துப் பக்தியும் சேர்ந்து ஒரு கொட்டகையைத் தின்றுவிட்டது.

"எனக்குக் கொஞ்சம் குடும்மா."

"பூண்டு போட்டிருக்குது சாமி. மாசம் வேற."

"குடு."

நின்றபடியே வாங்கி வாயில் போட்டார். அறுபதை நெருங்குகிற வயதில், தானே செய்த பண்டத்தின் ருசி அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காரம் கண்ணில் நீராக வந்தது என்று அர்ஜுனன் நினைத்து, ஓடிப்போய் மோர் கொண்டுவந்தான். மணவாளனுக்கு அதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்துவிட்டது. சரக்கு போய் ஒரு நாள்தான் ஆகிறது. தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஊர் ஊராகக் கடை வெறும் கடையாக இருக்கிறது. அதை மட்டும் திருப்பி வாங்கிவிட்டால், வங்கியின் வாயை அடைக்கலாம், இயந்திரம் நிற்கும், எல்லாம் நிற்கும். வந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை. வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

முனிரத்தினம் பண்ணை வாசலில் கட்டிலில் படுத்திருந்தான். "வாங்க சாமி, உங்க சரக்கு சூப்பரு!" என்று எழுந்தான். "நேத்தே மெஷின்ல உட்டு மொத்தமா அரைச்சு மக்காச்சோளத்தோட கலந்துட்டேன். கோழிங்க இன்னா ஆசையா தின்னுதுங்க பாருங்க. இந்த மாசம் எவனும் கோழி வாங்கறதில்ல, சும்மா குந்திக்கினு தின்னுதுங்க. ஐப்பசி பொறந்து மொத ஞாயித்துக்கிழமை பாருங்க, ஒன்னு கூட மிஞ்சாது."

"ஒரு மூட்டையாவது..."

"இல்லியே சாமி. இருந்தா இன்னும் குடுங்க, நான் எடுத்துக்கறேன்."

கோழிக் கொட்டகை ஓரம் பிரித்துப் போட்ட பொட்டலக் காகிதங்கள் கோழி எச்சத்தில் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கோபுரம். நம் நாட்டு மண்ணில் விளைந்தது, நம் நாட்டு மனிதருக்கு. மணவாளன் குனிந்து ஒன்றொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். முனிரத்தினம், "உடுங்க சாமி, நான் கொளுத்திடறேன்" என்றான். அவர் காதில் விழவில்லை. உள்ளே ஆயிரக்கணக்கில் கோழிகள் தலையைக் குனிந்து கொத்திக்கொண்டிருந்தன. அர்ஜுனன் வேர்வையும் பொன்னியம்மாள் கையும் அவருடைய ஆயுசும் அந்தத் தீவனத் தொட்டியில் கிடந்தன.

வீட்டுக்கு வந்து மடி நிறைய அழுக்குக் காகிதத்தோடு முற்றத்தில் உட்கார்ந்தார். அம்ருதவல்லி ஒன்றும் கேட்காமல் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், பூண்டு தின்றதையும் சேர்த்து.

"ஏன்னா, நமக்கு இந்த மாசத்துல விடறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றாள் அம்ருதவல்லி. "விட்டவாளுக்கு என்ன வேண்டியிருக்கும்னு நமக்கு எப்படித் தெரியும்?"

அதைவிடச் சரியாக அவருக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. அது அவரை இன்னும் நொறுக்கியது.

தீபாவளி முடிந்து வங்கியிலிருந்து வந்தவர்கள் இயந்திரத்தைக் கழற்றினார்கள். துணைக்கு நின்று எந்தத் திருகை முதலில் எடுக்க வேண்டும் என்று மணவாளனே காட்டினார். அதற்கு முன்பே, ஐப்பசியின் முதல் ஞாயிற்றுக்கிழமை, முனிரத்தினம் சொன்ன மாதிரியே அவன் கோழிகள் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தன. முசரவாக்கத்துக்கும் போயின. பொன்னியம்மாள் வீட்டுச் சட்டியிலும் அன்றைக்குக் கொதித்தது அதுதான். அவளை என்ன சொல்வது? அவள் புருஷன் விளைவித்ததும் அவள் பொட்டலம் கட்டியதும் அவள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது, பாதி எச்சமாகப் போக, மீதியாக.

மணவாளன் ஒரு டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்லிக்கொடுக்கப் போனார். முசரவாக்கம் பக்கம் தலை வைக்கவில்லை. போடாதே என்று சொல்ல வேண்டிய வார்த்தை சொல்லப்படாமலே கிடந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினார். தை பிறந்ததும் அர்ஜுனனே தேடிக்கொண்டு வந்துவிட்டான். தோளில் விதைப் பை.

"அர்ஜுனா, நான் உனக்கு வாக்குக் குடுத்தேன். என்னால..."

"எல்லாம் தெரியும் சாமி. கொட்டாய பாத்துட்டுதான் வரேன்." அர்ஜுனன் அவர் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய்ச் சிரித்தான். "அதுக்கு ஏன் சாமி கண் கலங்கறீங்க? நீங்க சொன்ன சொல்லு பொய்யாவலயே. முனிரத்தினம் சொல்லிட்டாரு, சோயா எவ்ளோ வெளைஞ்சாலும் அவரே எடுத்துக்கறாராம். வறுத்து அரைச்சு கோழிக்குப் போட்டுக்கறாராம். ஒரு மணி வீணாவாது. உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு போடலாம்னுதான் வந்தேன். போடட்டுமா?"

அவன் முகத்தில் நல்ல சேதி கொண்டுவந்தவனின் சந்தோஷம் இருந்தது. வரதன் சாட்சியாகச் சொன்ன வார்த்தையைக் கோழி காப்பாற்றிவிட்டது. மணவாளன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னால் அவன் அடுப்பு அணையும். போடு என்றால், மெட்ராஸில் ஜன்னல் வழியாகப் பார்த்த நாளிலிருந்து பேசிய பேச்சு அத்தனையையும் தன் வாயாலேயே அழிக்க வேண்டும்.

"போடு அர்ஜுனா" என்றார்.

அவன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டான். மணவாளன் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார்.

"ஒரே ஒரு மூட்டை மட்டும் அவன்கிட்டக் குடுக்காதே. மனுஷாளுக்குன்னு எடுத்து வை. புரட்டாசிக்கு."

"எடுத்து வெக்கறேன் சாமி" என்றான் அர்ஜுனன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "உருண்டை பண்ண மெஷினு இல்லியே?" என்று கேட்டான்.

மணவாளன் வெறுங்காலோடு நடுத்தெருவில் நின்றார். எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, பிண்ணாக்கு ஸ்வாமி இன்றைக்கு யாரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார் என்று பார்த்தாள்.